முப்பத்தைந்துக்குக் கீழே

ஜெல்லைத் தடவி ஆறு குமிழ்களை
மார்பில் வரிசையாகப் பதித்து
"அசையாதீங்க" என்பேன்.
பள்ளிப்பட்டில் அதையே மறுமூச்சில்
"கதலகண்டி" என்றும் சொல்லவேண்டும்.
யார் எந்த மொழியில் அசையாமல் கிடப்பார்கள் என்று
முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இளஞ்சிவப்புக் கட்டத்தாள் நகர்ந்து வரும்.
மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த டிவைடர்
என் கோட்டுப் பையில்.
மார்பின் முதல் தடத்தில் ஊசி இறங்கிய ஆழம்,
ஐந்தாம் தடத்தில் ஏறிய உயரம்.
கூட்டு.
முப்பத்தைந்து மில்லிமீட்டர் தாண்டினால்
இடது கீழறை தடித்திருக்கலாம் என்று எழுது.
அந்த 'லாம்'முக்கு அடிக்கோடு போடச் சொல்வார்
டாக்டர் ஹம்சவேணி.

கோடு எனக்குப் புதிதல்ல.
எங்கள் தெருமுனைக் குழாய் தமிழ்நாட்டில்,
அதன் தண்ணீர் வழிந்தோடும் சாக்கடை ஆந்திராவில்.
குடம் வைக்கிறவள் ஒருகாலை எங்கே ஊன்றினாள் என்று
யாரும் அளந்து பார்த்ததில்லை.

ஆனி மாதத்துச் செவ்வாய், பிரஷர் நாள்.
முனிரத்தினம் வந்தார்.
நகரிப் பக்கத்து மண்டியில் மாங்காய்க் கூடை தூக்குகிறவர்.
சட்டையைக் கழற்றாமலே விலா எலும்பை எண்ணலாம்.
நூற்று எழுபது, நூறு.
அலைகள் தாளை விட்டே வெளியேறப் பார்த்தன.
பதினேழும் இருபத்து நாலும் நாற்பத்தொன்று.
"கூடை தூக்கித் தூக்கி உங்க புஜம் முறுக்கேறின மாதிரி,
அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி
இதயச் சுவரும் தடிச்சிடும்" என்றேன்.
"அப்போ பலம்தானே?"
சுவர் தடித்தால் அதற்குப் பசி அதிகம்,
ரத்தம் வருவதோ அதே பழைய குழாயில்.
இதைச் சொல்லி முடிப்பதற்குள்
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்து நாகபூஷணம்மா, பஸ் ஸ்டாண்டு மெஸ்.
தொண்ணூற்றாறு கிலோ.
நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பத்து.
மாத்திரையை நிறுத்தி எட்டு மாதம்.
"நெஞ்சழுத்தக்காரின்னு என் வீட்டுக்காரர் திட்டுவார்,
அது மிஷின்ல தெரியுமா?"
சிரித்தபோது ஒரு குமிழ் கழன்றது.
அவர் அலைகள் குட்டை.
சாத்திய கதவுக்கு அந்தப்புறம் பேசுகிற குரல் மாதிரி.
பத்தொன்பது.
நார்மல் என்று எழுத பேனாவைத் திறந்துவிட்டேன்.
கடைசி இரண்டு தடங்களில் மட்டும்
அலைக்குப் பின் வரவேண்டிய சின்ன மேடு
குழியாகச் சரிந்து கிடந்தது.

டாக்டர் இரண்டு தாள்களையும் ஜன்னலில் பிடித்தார்.
"தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒண்ணுமில்லாதவருக்கு ஊசி துள்ளும்.
சதைக்குள்ள புதைஞ்ச இதயம் முனகும்.
ரெண்டு பேரையும் எக்கோவுக்கு அனுப்பு."

எக்கோ நகரியில் பக்கம்தான்.
காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது.
திருவள்ளூருக்கு இரண்டு பஸ், ஒருநாள் கூலி,
மெஸ்ஸுக்கு ஒருநாள் பூட்டு.

பதினோராம் நாள் ரிப்போர்ட்டுகள் வந்தன.
முனிரத்தினத்தின் சுவர் பத்து மில்லிமீட்டர்.
அளவாக இருக்கிறது.
நாகபூஷணம்மாவுக்குப் பதினைந்து.

முப்பத்தைந்தைப் பொய்யென்று சொல்லமாட்டேன்.
தாண்டியவர்களில் எத்தனையோ பேரை
அதுதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.
தாண்டாதவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.
எனக்கும் தெரியாது.
ஆனால் நார்மல் என்ற கையெழுத்து என்னுடையது.

ஓ.பி. முடிந்தபின் பழைய ரிஜிஸ்டரைப் பிரித்தேன்.
ஒட்டிவைத்த தாள்களில் அலைகள் வெளுத்துவிட்டன.
ஓரத்தில் நான் எழுதிய எண்கள் மட்டும் மிச்சம்.
இருபத்திரண்டு. பதினெட்டு.
முப்பத்து நாலு.
எடை கூடி பிரஷரும் கூடிய பக்கங்களையெல்லாம்
மூலையில் மடித்துக்கொண்டே வந்தேன்.
ரிஜிஸ்டர் ஒருபக்கமாகப் புடைத்துவிட்டது.

முதல் நம்பரை அழுத்தினேன்.
தெலுங்கில் ஒரு பெண்குரல்
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது.
இரண்டாவது நம்பர்.
மணி அடிக்கிறது.